கண்டாங்கி நிறத்தில் ஒரு தூண்டில் ராட்: காரைக்குடிப் பக்கம் முதன்முதலாகக் கட்டுபவர்களுக்கு

சொந்தமாக ஒரு தூண்டில் ராட் கட்டுவது என்று காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு நான் இறங்கியபோது வழி சொல்ல ஆளில்லை. வெளிநாட்டு வீடியோக்கள்தான் துணை. அவர்கள் ஏசி அறையில், கரண்டு போகாத ஊரில் வேலை செய்கிறார்கள். நான் சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு எபாக்ஸி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பசை) கலந்தேன். பிரஷைத் தேடி எடுத்து வருவதற்குள் கிண்ணம் கையைச் சுட்டது. அடுத்த நிமிடம் உள்ளே இருந்தது கல். இப்படி 2 ராட் பாழாகி, மூன்றாவது கோணலாகி, நாலாவதில்தான் மீன் ஏறியது. அந்த மூன்றின் காசு உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்க யாரும் ராட் கட்டுவதில்லை. முதல் ராட் கடை விலையைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும். உங்கள் கை நீளத்துக்கு, நீங்கள் தேடும் மீனுக்கு, ஆசைப்பட்ட நிறத்தில் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

1. எந்தத் தண்ணீர், எந்த மீன்: அதை முடிவு செய்யுங்கள்

கைடு (தூண்டில் நரம்பு ஓடும் வளையம்), கைப்பிடி எதுவும் ஏறாத வெறும் கம்புக்குப் பிளாங்க் என்று பெயர். அதைப் பார்த்தவுடன் வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள்.

அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய கண்மாயில் தவளை லூர் (பொய் இரை) போட்டு விரால் பிடிக்க 7 அடி, எம்எச் (மீடியம் ஹெவி, ஓரளவு விறைப்பானது) என்று குறித்த பிளாங்க் சரியாக இருக்கும். விரால் கடித்ததும் கொடிக்குள் இழுத்துக்கொண்டு ஓடும். கம்பு வளைந்து கொடுத்துக்கொண்டே இருந்தால் மீன் கொடிக்குத்தான் சொந்தம். ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும் 6 அடி லைட் போதும். தேவகோட்டை வழியாகத் தொண்டிக்குப் போய்க் கரையில் நின்று வீசுகிறவர்களுக்கு 9, 10 அடி வேண்டும். ‘எல்லாத்துக்கும் ஒரே ராட்’ என்று கேட்டு நான் வாங்கிய 8 அடி எதற்கும் உதவாமல் இப்போது ஒட்டடைக் கம்பாக இருக்கிறது.

பிளாங்க் கிளாஸா (கண்ணாடி இழை) கார்பனா என்றால், முதல் ராட்டுக்குக் கிளாஸ். கனம் கூடுதல்தான், ஆனால் பிளேடு லேசாகப் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். கார்பனில் விழுந்த கீறல் அன்றைக்குத் தெரியாது. பெரிய மீன் மாட்டும் நாளில் அந்த இடத்தில்தான் முறியும்.

இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு. வீட்டில் கைடு போன பழைய ராட் இருந்தால் அதை உரித்துக் கட்டிப் பாருங்கள். ஹேர் டிரையரால் சூடு காட்டி, கைடின் இரும்புக் காலுக்கு மேலே மட்டும் பிளேடை வைத்து நூலை வெட்டுங்கள். கம்பின்மேல் பிளேடு படவே கூடாது. வெட்டிய பிறகு மொத்தமாக உரிந்து வரும்.

2. சாமான்களும் செலவும்

கடைசியாக நான் கட்டிய 7 அடி விரால் ராட்டுக்கு ஆன கணக்கு இது. விலை ஆளுக்கு ஆள் மாறும். எது பெரிய செலவு, எது சின்னது என்று பார்க்க உதவும்.

கார்பன் பிளாங்க், 2 துண்டு: 2,800 ரூபாய்
கைடு 7, நுனிக்கு டிப் (கடைசி வளையம்) 1: 950
ரீல் சீட் (நரம்பு சுற்றும் ரீலை மாட்டும் இடம்), 16 அளவு: 450
ஈவிஏ (ரப்பர் போன்ற நுரை) கைப்பிடி, பின்னும் முன்னும்: 350
நூல் 3 நிறம்: 400
மேல்பூச்சு எபாக்ஸி: 900 (நாலு ராட்டுக்கு வரும்)
ஒட்டும் எபாக்ஸி, டேப், பிளேடு, சில்லறை: 300
பார்சல் கூலி: 380

கூட்டினால் 6,530. இதில் சேராதது ஒரு வெர்னியர் அளவுகோல். அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். டிப் வாங்கும்போது இரண்டு எண் கொடுத்திருப்பார்கள்: ஒன்று வளையத்தின் அளவு, மற்றது கம்பின் நுனி நுழையும் குழாயின் உள்ளளவு. நான் முதல் எண்ணைப் பார்த்து வாங்கினேன். வந்த குழாயில் என் பிளாங்கின் நுனி குடத்துக்குள் ஈர்க்குச்சி மாதிரி ஆடியது. பிளாங்க் கைக்கு வரட்டும், நுனியை அளந்து பாருங்கள், அதற்குப் பிறகு டிப் ஆர்டர் போடுங்கள். ஒரு வாரம் தள்ளிப் போகும், போகட்டும்.

3. பார்சல், ரசீது, கஸ்டம்ஸ்

நம் ஊர்க் கடைகளில் ராட் கிடைக்கும், பிளாங்க் கிடைக்காது. ஆன்லைனில்தான் வாங்கவேண்டும்.

தனியார் கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கணக்கிடுவார்கள். கால் கிலோ கம்புக்கு 3 கிலோ கூலி எப்படி என்று சண்டை போட்டுப் பயனில்லை. ஒரே துண்டு பிளாங்கைவிட 2 துண்டு பிளாங்க் பாதி நீளப் பெட்டியில் வந்துவிடும். முதல் ராட்டுக்கு அதுவே போதும்.

பிவிசி குழாயில் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். 100 ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுங்கள். எனக்கு வந்த முதல் பிளாங்க் அட்டைப் பெட்டியில் வந்தது; நுனியில் நாலு விரல்கடை முறிந்திருந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்காததால் விற்றவர் கையை விரித்துவிட்டார். ஆகவே சீல் தெரியும்படி, முகவரிச் சீட்டு தெரியும்படி, வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டு பிரியுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கூரியர்காரர்கள் கஸ்டம்ஸுக்காக ஆதார் அல்லது பான் கேட்பார்கள். இங்கேதான் நம்மவர்கள் மாட்டுவது. ஆதாரில் இனிஷியல் முன்னால், ஆர்டரில் பெயருக்குப் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக. எனக்கு இந்த ஒரு இனிஷியலுக்காகப் பார்சல் 11 நாள் நின்றது. ஆர்டர் போடும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர் கொடுங்கள். பணம் கட்டிய ரசீதையும் பொருள் விவரம் உள்ள பில்லையும் பிடிஎஃப்பாக வைத்திருங்கள். தூண்டில் சாமான்களுக்கான சுங்க வகைப்பாட்டு எண் 9507; பில்லில் அது இருந்தால் கேள்வி குறையும். தீர்வை தனியாக வரும், பொருள் விலையோடு முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். ‘கஸ்டம்ஸ் கட்டணம் பாக்கி, இந்த லிங்க்கைத் தொடுங்கள்’ என்று வரும் எஸ்எம்எஸ்ஸைத் தொடாதீர்கள். டிராக்கிங் எண்ணைக் கூரியரின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம்.

4. ஸ்பைன் பார்ப்பது

பிளாங்க் என்பது துணியைச் சுருட்டிச் செய்த குழாய். சுற்றளவு முழுக்க ஒரே கடினமாக இருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதுதான் ஸ்பைன்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் பாக்கியம், நல்ல வழவழப்பு. அடிப்பகுதியைத் தரையில் ஊன்றி, நுனியை இடது உள்ளங்கையில் லேசாகத் தாங்கி, நடுவில் வலது கையால் அழுத்துங்கள். கம்பு தானாக உருண்டு ஒரு நிலையில் போய் நிற்கும். திருப்பி விட்டாலும் துள்ளி அங்கேயே வரும். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2 துண்டு என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும்.

கைடைக் கோட்டின் பக்கம் வைப்பதா, எதிர்ப்பக்கமா என்று கட்டுபவர்களுக்குள் சண்டை ஓயாது. கம்பு எந்தப் பக்கம் திருப்பினால் நேராகத் தெரிகிறதோ அதைப் பார், ஸ்பைனை மற என்பவர்களும் உண்டு. நான் இப்போது அந்தக் கட்சிதான். லேசாகக் கோணிய பிளாங்கில் ஸ்பைனைப் பிடித்துக்கொண்டு கட்டிய என் மூன்றாவது ராட், மீன் இல்லாதபோதே மீன் மாட்டியதுபோல் நிற்கும். ஸ்பைனும் நேரும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம். ஒத்துப்போகாவிட்டால் நேருக்கு ஓட்டுப் போடுங்கள்.

5. கைப்பிடியும் ரீல் சீட்டும்

ரீல் சீட்டின் துளை எப்போதும் கம்பைவிடப் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை டேப் சுற்றி நிரப்பவேண்டும். காகித மாஸ்கிங் டேப்பைவிட, ஜிப்சம் போர்டு மூட்டில் ஒட்டும் வலை டேப் நல்லது. எபாக்ஸி கண்ணுக்குக் கண் ஊறிப் பிடிக்கும். மூன்று இடத்தில் பட்டையாகச் சுற்றுங்கள், நடுவில் இடைவெளி விடுங்கள். இரண்டு முனையிலும் 5 மில்லிமீட்டர் வெறுமையாக விட்டு, அங்கே எபாக்ஸியே அடைத்துக்கொள்ளும்படி செய்யுங்கள். டேப் வெளியே தெரிந்தால் தண்ணீர் இறங்கும், ஆறே மாதத்தில் சீட் ஆடும்.

கைப்பிடியும் சீட்டும் நுனிப்பக்கத்திலிருந்து இறங்கும். ஈவிஏ துளையைப் பழைய ராட் துண்டில் உப்புத்தாள் ஒட்டி அரைத்துப் பெரிதாக்குங்கள். கம்புக்குச் சற்று இறுக்கமாகவே இருக்கட்டும், இழுத்தால் நீளும். கைப்பிடி வரும் இடத்தில் மட்டும் பிளாங்கை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கலாம். அதற்கு மேலே உப்புத்தாளைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒட்ட 5 நிமிட எபாக்ஸி வேண்டாம். சீட்டை நேர் பார்ப்பதற்குள் இறுகிவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் அரால்டைட் ஸ்டாண்டர்டு வகை போதும். இரவு ஒட்டி, ரீலையும் மாட்டி, தூரத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து நேர் செய்துவிட்டு, ரீலைக் கழற்றிப் படுக்கப் போங்கள். ரீலை மாட்டியபடியே விட்டு, அதையும் சேர்த்து ஒட்டிய பெருமை எனக்கு உண்டு.

அடிமுனைக்கு ரப்பர் மூடி வரும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் உடைந்த பர்மா தேக்குக் கடைசல்கள் துண்டு துண்டாகக் கிடக்கும். ஒரு துண்டு வாங்கி, கடைசல் பட்டறையில் கொடுத்து மூடியாகத் திருப்பி வாங்கினேன். தேவையில்லாத ஆடம்பரம்தான். ஆனால் ராட்டைப் பார்ப்பவர்கள் முதலில் தொடுவது அதைத்தான்.

6. கைடுக்கு இடம் குறிப்பது

சுழல் ரீலுக்கு (ஸ்பின்னிங்) 7 அடி ராட்டில் 7 கைடு, நுனியில் டிப். முதல் பெரிய கைடு ரீல் ஸ்பூலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) முகத்திலிருந்து சுமார் 20 அங்குலத்தில் ஆரம்பிக்கலாம். மற்றவை நுனியை நெருங்க நெருங்கக் கூட்டமாக வரும். இணையத்தில் கிடைக்கும் அட்டவணை ஒரு தொடக்கம்தான்.

கைடுகளை மெல்லிய டேப்பால் தற்காலிகமாக ஒட்டி, நரம்பைக் கோத்து, நுனியில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கட்டி, கம்பு நன்றாக வளையும்வரை தூக்குங்கள். பக்கவாட்டில் நின்று ஒருவர் போட்டோ எடுக்கட்டும். நரம்பு கம்பின் வளைவை ஒட்டியே போகவேண்டும். இரண்டு கைடுக்கு நடுவில் கம்பைவிட்டு விலகி நேர்கோடாக ஓடினால் அங்கே கைடு தள்ளி இருக்கிறது. நகர்த்துங்கள், திரும்பத் தூக்குங்கள். இதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள்.

டிப்பை மட்டும் எபாக்ஸியில் ஒட்டாதீர்கள். என்றைக்காவது உடையும், கழற்றவேண்டி வரும். உருகும் பசை போதும். சூடு காட்டினால் கழன்றுவரும்.

7. நூல் சுற்றுவது

கைடைக் கம்பில் நூல் சுற்றித்தான் கட்டுகிறோம். அதன் கால் முனை மொட்டையாக இருந்தால் அரத்தால் சரிவாகத் தேயுங்கள். அடிப்பக்கப் பிசிறையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நூல் ஏறும் இடத்தில் பள்ளம் விழும், கால் கம்பை அறுக்கும்.

ஒரு அட்டைப்பெட்டியின் இரு பக்கத்திலும் வி வடிவில் வெட்டி, அதில் கம்பைப் படுக்கவையுங்கள். நூல் கண்டை ஒரு டம்ளரில் போட்டு, நூலை ஒரு தடித்த புத்தகத்துக்குள் செருகி இழுத்தால் தேவையான இறுக்கம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பழைய மொய் நோட்டு பார்க்கிறது. மேலே இன்னொரு புத்தகம் வைத்தால் இறுக்கம் கூடும்.

காலுக்கு 4 மில்லிமீட்டர் முன்பிருந்து தொடங்குங்கள். நூலின் முனையைச் சுற்றுக்கு அடியில் அடக்கி, 6 சுற்று வந்ததும் மிச்சத்தை வெட்டிவிட்டு மேலே ஏறுங்கள். முடிய 8 சுற்று இருக்கும்போது, மடித்த தனி நூல் ஒன்றை வைத்து அதன்மேல் சுற்றி, கடைசி முனையை அந்த மடிப்பில் கோத்து உள்ளே இழுத்துவிடுங்கள். புது பிளேடால் வெட்டுங்கள். பேனா மூடியின் முதுகால் தேய்த்தால் இடைவெளி மூடும். சுற்றி முடித்த பிறகும் கட்டைவிரலால் தள்ளினால் கைடு ஒரு நூலிழை நகரவேண்டும். அசையாதபடி இறுக்கினால் கம்புக்குக் கேடு.

நூல் விஷயத்தில் ஒரு கண்ணி. கடைவீதியில் தையல் நூல் எல்லா நிறத்திலும் கிடைக்கும்; பருத்தி நூலை எடுக்காதீர்கள், எபாக்ஸியைக் குடித்துத் திட்டுத் திட்டாகக் கறுக்கும். எம்பிராய்டரி மிஷினுக்கான பாலியெஸ்டர் நூல் பரவாயில்லை. ராட்டுக்கென்றே வரும் நைலான் நூலில் ஏ மெல்லியது, டி தடித்தது. நன்னீர் ராட்டுக்கு ஏ போதும். சாதாரண நைலான், எபாக்ஸி பட்டதும் நிறம் மங்கி ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். நிறம் அப்படியே நிற்க, முதலில் கலர் பிரிசர்வர் பூசவேண்டும். அல்லது பிரிசர்வர் தேவைப்படாத நூலாகக் கேட்டு வாங்கவேண்டும். எதுவானாலும் ஐஸ்கிரீம் குச்சியில் சுற்றி, பூசிப் பார்த்துவிட்டு ராட்டுக்குப் போங்கள்.

8. அலங்காரம்

கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் இடம். கலை எல்லாம் அங்கேதான்.

முதல் ராட்டில் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் எடுத்துக்கொண்டது கண்டாங்கிச் சேலையின் நிறம்: அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை, ஓரத்தில் கறுப்பு. ஒவ்வொரு கைடின் சுற்று முடியும் இடத்திலும் மஞ்சள் 6 சுற்று, கறுப்பு 3 சுற்று. எண்ணிச் சுற்றுங்கள். ஒரு கைடில் 6, இன்னொன்றில் 7 என்றால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் தினமும் தெரியும்.

இரண்டாவது ராட்டில் குறுக்குச் சுற்றுக்கு வரலாம். கோலத்தில் புள்ளி வைப்பதுபோல்தான் இதுவும்; புள்ளி சரியாக விழுந்தால் மற்றது தானாக வரும். ஒரு காகிதப் பட்டையைக் கம்பில் சுற்றிச் சுற்றளவை எடுத்து, சரிபாதியாக மடியுங்கள். பட்டையின் முனையும் மடிப்பும்தான் கம்பின் இரு எதிர்ப்பக்கக் கோடுகள். 12 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பென்றால் சுற்றளவு கிட்டத்தட்ட 38. ஒரு கோட்டில் 38 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி, எதிர்க்கோட்டில் அதே இடைவெளியில், ஆனால் இரண்டு புள்ளிக்கு நடுவே வருமாறு தள்ளி. நூல் ஒரு கோட்டிலிருந்து எதிர்க்கோட்டுக்குச் சாய்ந்து இறங்கி, அடியில் டேப்பில் மாட்டி, மறுசாய்வில் ஏறவேண்டும். இறங்கும் நூலும் ஏறும் நூலும் புள்ளியில் வெட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றும் கம்புக்கு 45 டிகிரி சாய்வில்.

அடுத்தடுத்த நூலை முதல் நூலின் இரு பக்கமும் ஒட்டினால் வைரம் விரியும். ஒரே பக்கம் ஒட்டினால் அம்பு முனை. நடுவில் கறுப்பு 2, மஞ்சள் 4, அரக்கு 8 என்று போனால், தள்ளி நின்று பார்க்க ஆத்தங்குடிக் கல்லின் பூ மாதிரி இருக்கும். முனைகளை டேப்பில் பிடித்துவைத்து, மேலேயும் கீழேயும் சாதாரணச் சுற்றால் கட்டி, பிறகு டேப்பை வெட்டி எடுங்கள். எனக்கு முதல்முறை 6 மணி நேரம் ஆனது. நடுவில் எழுந்து போனால் நூல் தளரும். கரண்டு, சாப்பாடு, கொரியர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்காருங்கள்.

கண்மாய்க் கரையில் ஒரு பெரியவர் இதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏப்பா, விராலுக்கு இதெல்லாம் தெரியுமா?” என்றார். தெரியாது ஐயா என்றேன்.

பெயர் எழுதுவதென்றால் அக்ரிலிக் பெயின்ட் பேனா. சாதாரண மார்க்கர் எபாக்ஸியில் கரைந்து ஓடும்.

9. மேல்பூச்சு: பாதிப்பேர் தோற்பது இங்கே

நேரம்: சுற்றிய நூலின்மேல் எபாக்ஸி பூச, வெயில் காலத்தில் காலை 6 முதல் 8. ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு பால் படர்ந்தமாதிரி மங்கும். தை, மாசி அருமை.

இடம்: முற்றம் வைத்த வீட்டில் முற்றத்துப் பக்கமே போகாதீர்கள், காற்றில் தூசி. கதவடைத்த உள்ளறை, ஃபேன் நிறுத்தம், தரையில் லேசாகத் தண்ணீர் தெளிப்பு. கொசுவத்தியும் முன்னதாகவே ஏற்றி அணைத்துவிடுங்கள். என் இரண்டாவது ராட்டில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

சுழற்றி: பூசிய கம்பு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பூச்சு அடியில் தொங்கும். பழைய மைக்ரோவேவின் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு 5, 6 சுற்று வரும். ரிப்பேர் கடையில் கேளுங்கள். அதன்மேல் எத்தனை வோல்ட் என்று படியுங்கள், 220க்குக் குறைந்ததை நேராகச் சொருகாதீர்கள். வயர் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மைக்ரோவேவை நீங்களே திறக்கவேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கரண்டு போனால் பதறாதீர்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று, கையால். பூச்சு, பாகுபோல் கம்பி இழுக்கும் பதம் வந்தபின் இடைவெளியைக் கூட்டலாம். மொத்தம் 4 மணி நேரம் பக்கத்தில் ஆள் இருக்கவேண்டும்.

கலப்பது: எபாக்ஸியின் இரண்டு திரவத்தில் ஏ 3 மில்லி, பி 3 மில்லி, இதற்குக் குறைய வேண்டாம். கண்ணால் அளந்தால் என்றைக்கும் பிசுபிசுப்பு போகாது. மெடிக்கல் ஷாப் ஊசிக்குழாயில் ரப்பர் பிஸ்டனுக்கு சிலிகான் தடவியிருப்பார்கள். அது பட்டால் பூச்சில் மீன்கண் மாதிரிக் குழி விழும். ரப்பர் இல்லாத, முழுவதும் பிளாஸ்டிக்கான குழாய் கேட்டு வாங்கி, ஏ, பி என்று எழுதி, மாற்றாமல் வைத்திருங்கள். மரக்குச்சியால் கிளறாதீர்கள், குமிழி வரும். எவர்சில்வர் ஸ்பூன் காம்பு போதும். 3 நிமிடம் நிதானமாகக் கிளறி, உடனே ஒரு அலுமினியத் தாளில் பரப்பிவிடுங்கள். கிண்ணத்தில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே இறுகும். என் சித்திரை மாதக் கல் அப்படி வந்ததுதான்.

முதல் பூச்சு மெல்லியதாக, நூலுக்குள் ஊறும் அளவு. 10 நிமிடம் கழித்துக் குமிழி இருந்தால் ஸ்பிரிட் விளக்கைத் தூரத்தில் காட்டி எடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. பிசுபிசுப்பாகவே நின்றுவிட்டால் சுரண்டாதீர்கள். சரியாக அளந்து கலந்த இன்னொரு பூச்சு மேலே போட்டால் மூடிக்கொள்ளும்.

வேலை ஆரம்பித்த நாளிலிருந்து கணக்குப் போட்டால்: கைப்பிடி 1 இரவு, கைடு குறிக்க 1 மாலை, நூல் 2 நாள், அலங்காரம் 1 நாள், பூச்சு 2 நாள், பிறகு தொடாமல் 7 நாள். பார்சல் காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு மாதம்.

10. காசு வாங்கிக் கட்டிக்கொடுக்க நினைத்தால்

நாலைந்து ராட் கட்டியதும் நண்பர்கள் கேட்பார்கள். பிளாங்க் விலையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள்; நிறம், நீளம், கைப்பிடி அளவை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். சிறுதொழிலாக நடத்த உத்யம் பதிவு செய்யலாம். ஆதார், பான் போதும், அரசுத் தளத்தில் இலவசம். அதற்கு 2,000 கேட்ட ஒரு இடைத்தரகரிடம் நான் 1,500-க்குப் பேரம் பேசி வாங்கி ஜெயித்ததாக நினைத்தேன். பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்பி விற்பதென்றால் ஜிஎஸ்டி பற்றி முன்கூட்டியே ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். வெளிமாநில விற்பனைக்கு விதி வேறு.

11. கரைக்குப் போகும் முன்

பல கண்மாய்களில் மீன் ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரரைக் கேட்காமல் புது ராட்டை வீசினால் ராட் அவர் கைக்குப் போகும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்ப் பக்கம் ராட்டோடு போகவே வேண்டாம்.

துண்டுகளைப் பொருத்தும்போது முறுக்காமல் நேராகத் தள்ளுங்கள். ஒவ்வொரு கைடின் வளையத்துக்குள்ளும் காது குடையும் பஞ்சுக்குச்சியை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பஞ்சு எங்காவது இழை விட்டால் அங்கே கீறல். அந்தக் கைடை மாற்றிவிட்டுத்தான் முதல் வீச்சு.